இரண்டு நாள் லீவு

ரௌதா தன் உம்மாவின் கையிலிருந்த பேரீச்சங்குலையைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தாள். பிடுங்கிய வேகத்தில் உம்மாவின் புறங்கையில் ஓர் அடியும் விழுந்தது. சுளீரென்று கேட்டது. மரத்தில் ஆளுக்குக் கீழே ஆளாகத் தொற்றிக்கொண்டு குலைகளைக் கைமாற்றி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கீழே விரிப்பில் உட்கார்ந்து பழம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களும் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

“துப்பு,” என்றாள் ரௌதா. “வாயில இருக்கிறதைத் துப்பு.”

உம்மா துப்பவில்லை. அவசரமே இல்லாமல் மென்று விழுங்கினாள். கொட்டையை மட்டும் விரலால் எடுத்து மடியில் போட்டாள். மடியில் ஏற்கெனவே ஒரு குவியல் கிடந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வீங்கிய கால்களை வாய்க்கால் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, சுற்றுலா வந்த சீமாட்டியைப் போல் உட்கார்ந்திருந்தாள்.

“எத்தனை தின்னே?”

“எண்ணிப் பாரு. எண்றதுலதான் நீ கெட்டிக்காரியாச்சே.”

தோப்புக்காரர் லஸ்ஹர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். ஐம்பது வயது மனிதர். என்ன தப்பு நடந்ததென்று தெரியாமலே முகம் வெளுத்திருந்தது.

“தங்கச்சி, நான் கேட்டுட்டுத்தான் கொடுத்தேன். ஹாஜியம்மா, உங்களுக்கு சர்க்கரை இருக்கான்னு கேட்டேன். சர்க்கரையெல்லாம் எனக்குக் கிடையாதுன்னாங்க.”

“கிடையாதுதான். கிட்னியும் கிடையாது. அதைச் சொன்னாங்களா?”

“அதை அவர் கேக்கலையே,” என்றாள் உம்மா.

உம்மாவின் பெயர் மனூபியா. தலைநகர் தூனிஸில் மெட்ரோ நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவள். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையே கேலி பேசிப் பழகிய வாய். இரண்டு சிறுநீரகமும் நான்கு வருடத்துக்கு முன்பு படுத்துவிட்டன. அதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தண்ணீர் அளந்து, உப்பு அறவே இல்லாமல், உருளைக்கிழங்கைக்கூட இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு. வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் வீட்டு வாசல்படி ஏறக் கூடாது. அவற்றில் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் தங்கினால் இதயம் பாதியில் நின்றுவிடும் என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார். நோன்பு மாதத்தில் ஊரெல்லாம் பேரீச்சம்பழம் கடித்து நோன்பு திறக்கும்போது மனூபியாவின் வீட்டில் மட்டும் ஒரு துண்டு ரொட்டி. சமையலறை அலமாரிச் சாவி ரௌதாவின் பையில் இருந்தது.

“தெரிஞ்சே தின்னிருக்கே,” என்றாள் ரௌதா. குரல் தோப்பு முழுக்கக் கேட்டது. “உனக்குத் தெரியாதா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? இதைத் தின்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?”

“கத்தாதேடி. மரத்து மேல ஆள் நிக்கிறாங்க. பயந்து விழுந்துடப் போறாங்க.”

“வியாழக்கிழமையும் நீ போகலையாம்.”

உம்மா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“இப்பத்தான் தூனிஸுக்குப் போன் பண்ணேன். வியாழக்கிழமையே வரலையேன்னு சொல்றா நர்ஸ். எனக்கு வகுப்பு இருக்குன்னு தனியாப் போயிட்டு, கையில பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டிக்கிட்டு வந்தியே சாயங்காலம்! வலிக்குதுன்னு முகத்தைச் சுளிச்சியே! நான் சூப்பு வச்சுக் கொடுத்தேனே!”

“சூப்பு நல்லா இருந்துச்சு.”

“அதுவும் என்ன காரணம் சொல்லியிருக்கே? என் மகளுக்குக் கல்யாணம்னு! அந்த நர்ஸு எனக்கு முபாரக் சொல்றா போன்ல!”

விரிப்பில் இருந்த பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டாள். ரௌதாவுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகி, முறிந்து, ஒன்பது வருடம்.

“நாக்குல வந்துச்சு, சொன்னேன்,” என்றாள் உம்மா. “ஒரு துஆ மாதிரி இருக்கட்டுமேன்னு.”

“நீ சாகறதுக்குன்னே என்னைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கே.”

உம்மாவின் முகத்திலிருந்து கேலி போய்விட்டது. அடி விழுந்த கையை இன்னொரு கையால் தடவினாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் ஏறாது, இறங்கும்.

“சாகறதுக்கு வரலடி. சாகாம இருக்கிற வேலையிலேருந்து ரெண்டு நாள் லீவு கேட்டேன். முப்பது வருஷம் கம்பிக்குப் பின்னாடி உட்கார்ந்தப்பக்கூட எனக்கு வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு இருந்துச்சு. நீ ஒரு நாள் கொடுத்தியா?”

“நானா கொடுக்கலை? உன் கிட்னி கொடுக்கலை!”

“கிட்னி என் கையில அடிக்கலை.”

ரௌதா குனிந்தாள். உம்மாவின் செருப்பைக்கூட எடுக்காமல், கக்கத்தில் கை கொடுத்து வெறுங்காலோடு தூக்கி நிறுத்தி, வரப்பு வழியாகக் காருக்கு நடத்திக்கொண்டு போனாள். மடியிலிருந்த கொட்டைகள் வழியெல்லாம் சிந்தின.

*

இந்தப் பயணமே உம்மா கேட்டுத்தான். தோஸருக்குப் போகலாம், பாலைவனத்து ஊரைப் பார்க்கலாம் என்று இரண்டு மாதமாக நச்சரித்தாள். “இந்த நாட்டுலயே பிறந்து, ஒட்டகத்தை டிவியில மட்டும் பார்த்துட்டு மௌத்தாகணுமா?” என்றாள். சனிக்கிழமை டயாலிசிஸுக்கு என்ன செய்வது என்று ரௌதா கேட்டபோது, “தோஸர் ஆஸ்பத்திரியில நர்ஸே சொல்லி வச்சுட்டா” என்று பதில் தயாராக இருந்தது. உம்மா இவ்வளவு அக்கறையாக ஓர் ஏற்பாடு செய்தாளே என்று ரௌதா சந்தோஷப்பட்டாள். இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

ரௌதா தூனிஸின் பார்தோ பகுதியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அடுத்தவன் ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் தன் காலடியில் இன்னொரு பிரேக்கோடு உட்கார்ந்திருப்பதுதான் அவள் பிழைப்பு. “உனக்கு வீட்டுலயும் அந்த ரெண்டாவது பிரேக் இருக்குடி,” என்பாள் உம்மா. “நான் எங்கே திரும்பினாலும் மிதிச்சுடறே.”

வெள்ளிக்கிழமை பகல் முழுக்கப் பயணம். கைரவான் தாண்டியதும் மரங்கள் குறைந்தன, கஃப்ஸா தாண்டியதும் மண் வெளுத்தது. உம்மா ரேடியோவோடு சேர்ந்து பாடினாள். ஒவ்வொரு போலீஸ் சோதனைச் சாவடியிலும் கண்ணாடியை இறக்கி, “என் மக என்னைக் கடத்திட்டுப் போறா, எழுதிக்கோங்க” என்றாள். சாயங்காலம் பழைய தெருக்களில் மெல்ல நடந்தார்கள். மஞ்சள் செங்கல்லைப் புடைப்பும் பள்ளமுமாக அடுக்கிக் கட்டிய சுவர்களைத் தடவிப் பார்த்து, “சுவத்துக்கே கம்பளம் நெய்து போட்டிருக்கானுங்க” என்று வியந்தாள். தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி சலூஹா கொண்டு வந்து வைத்த குஸ்குஸில் காய்கறியை ஒதுக்கிவிட்டு, ரௌதா அனுமதித்த அளவு மட்டும் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரி வளாகத்தில் டயாலிசிஸ் பிரிவுக்குப் போனால், மனூபியா என்ற பெயரே அங்கே இல்லை. உம்மா உதட்டைப் பிதுக்கி, “சொல்றேன்னாளே அந்த நர்ஸு” என்றாள். உள்ளே இருந்த இளைஞன் நல்லவன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மூணு மணிக்கு ஒரு மெஷின் காலியாகும். தூனிஸ்லேருந்து விவரத்தை அனுப்பச் சொல்லுங்க, போட்டுடலாம்” என்றான்.

ரௌதா அவனுக்கு நன்றி சொன்னாள். உம்மா சொல்லவில்லை.

அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பானேன், என் தம்பி லஸ்ஹரின் தோப்பில் இன்றைக்கு அறுவடை, போய் நிழலில் இருங்கள் என்று அனுப்பியது சலூஹா. தோப்புக்குள் போனில் சிக்னல் இல்லை. உம்மாவை வாய்க்கால் ஓரம் உட்கார வைத்துவிட்டு ரௌதா சாலைக்கு ஏறினாள். தூனிஸில் ஒருத்தர் மாற்றி ஒருத்தராகப் பேசி, கடைசியில் அந்த நர்ஸைப் பிடித்து, முபாரக்கும் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் உம்மா தின்று முடித்திருந்தாள்.

*

காரில் ஏறியதும் உம்மா, “உதடு மரத்த மாதிரி இருக்கு” என்றாள்.

“இருக்கும். நல்லா இருக்கட்டும்.”

“மெதுவா ஓட்டு. பரீட்சையில ஃபெயிலாக்கிடுவாங்க.”

ரௌதா சிரிக்கவில்லை. தோப்பின் மண்பாதையிலிருந்து தார்ச்சாலை வரைக்கும், தார்ச்சாலையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான்கு வருடமாகப் பேசாததையெல்லாம் பேசினாள். விடியற்காலை வகுப்புகளை விட்டுக்கொடுத்து ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்ததை. அடுப்படியில் தனியாக நின்று, தான் தின்னும் உப்புக் குழம்பின் வாசம் உம்மாவுக்குப் போகக் கூடாதென்று ஜன்னலைத் திறந்துவைத்துத் தின்றதை. ஒருத்தன், நல்ல மனுஷன், கல்யாணத்துக்குக் கேட்டதையும், உம்மாவை யார் பார்ப்பது என்று தான் மறுத்ததையும். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“கேட்டியா? நிஜமாவே ஒரு கல்யாணம் வந்துச்சு. உன்னாலதான் வேணாம்னேன். போ, அந்த நர்ஸ்கிட்ட போய் அதையும் சொல்லு.”

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்திருந்தாள். கோபித்துக்கொண்டால் அப்படித்தான் செய்வாள். அந்த மௌனமே ரௌதாவை இன்னும் கிளப்பியது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கு என்றாள். இறங்கு உம்மா, நாடகம் போதும் என்றாள். அந்தப் பக்கம் சுற்றி வந்து கதவைத் திறந்தபோது உம்மா கதவோடு சேர்ந்து சரிந்தாள்.

ரௌதா மூக்கில் கை வைத்துப் பார்க்கவில்லை. பழக்கத்தில் கை உம்மாவின் இடது முழங்கைக்குப் போனது. டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் அது. தோலுக்கடியில் தேனீ ஒன்று அடைபட்ட மாதிரி இரவும் பகலும் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். தூங்கப் போகுமுன் தினமும் விரல் வைத்து, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரௌதா விளக்கை அணைப்பாள்.

விரலை அழுத்தி வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். தேனீ இல்லை.

எந்தத் திருப்பம் வரைக்கும் உம்மா கேட்டுக்கொண்டு வந்தாள் என்பது தெரியவில்லை.

*

உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள், நெஞ்சில் அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள். வெகு நேரம் ஆகவில்லை. டாக்டர் வெளியே வந்தபோது தாழ்வாரத்து பெஞ்சில் ரௌதாவோடு சலூஹாவும் இருந்தாள். லஸ்ஹர் சுவரோரம் நின்றார். தோப்பிலிருந்து மோட்டார் வண்டியில் பின்னாலேயே வந்தவர், உம்மாவின் செருப்பைத் துடைத்து ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். வேறு நோயாளிகளின் வீட்டுக்காரப் பெண்கள் நாலைந்து பேர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் சின்னப் பெண். களைத்திருந்தாள்.

“இதயம் நின்னுபோச்சு. ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. கடைசியா எப்ப டயாலிசிஸ்?”

“செவ்வாய்க்கிழமை.”

“இன்னைக்கு என்ன சாப்பிட்டாங்க?”

“பேரீச்சம்பழம்.”

“பேரீச்சம்பழமா? எவ்வளவு?”

“நிறைய.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினாள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள், ஆனாலும் அந்தத் தாழ்வாரத்தில் கேட்காத காது இல்லை. “டயாலிசிஸ் பண்றவங்களுக்கு அது ஆகாது. அவங்களுக்கு அது தெரியுமா?”

லஸ்ஹரின் வாய் திறப்பதை ரௌதா பார்த்தாள். தோப்பில் தான் போட்ட கூச்சல் அவர் காதில் இன்னும் இருக்கும். தெரிஞ்சே தின்னிருக்கே. சாகறதுக்குன்னே வந்திருக்கே. எதிர் பெஞ்சில் இருந்த கிழவி ஒருத்தி ஜபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றைக்கு இந்தத் தாழ்வாரம், நாளைக்கு தோஸர், நாளை மறுநாள் தூனிஸ். தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவள். அல்லாஹ் கொடுத்ததைத் தூக்கி எறிந்தவள். அவளுக்கு துஆ செய்யலாமா கூடாதா என்று காப்பிக்கடை வரைக்கும் பேசுவார்கள்.

ரௌதா லஸ்ஹரை ஒரு முறை முறைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

“தெரியாது,” என்றாள் ரௌதா. “நான் சொல்லலை.”

“சொல்லலையா? நாலு வருஷமா…”

“சொல்லலை. வீட்டுல அது வாங்கறதே இல்லை, அதனால சொல்லத் தோணலை.”

டாக்டர் அவளை நிதானமாகப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எதிர் பெஞ்சில் ஜபமாலை மறுபடி உருண்டது. அதோடு ஒரு பெருமூச்சும், “படிச்ச பொண்ணாட்டம் இருக்கா, சே” என்ற முணுமுணுப்பும் வந்தது. ரௌதா அந்தக் கிழவியின் கண்ணை நேராகப் பார்த்தாள், கிழவியே குனியும் வரைக்கும்.

*

தம்பி கைஸுக்குப் போன் செய்தது ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரம் மாதிரியான ஏதோ ஒரு மரத்தடியில். கைஸ் பிரான்ஸில், லியோன் நகரத்தில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறான். பின்னால் தட்டுமுட்டுச் சத்தம் கேட்டது. செய்தியைச் சொன்னதும் அந்தச் சத்தத்துக்கு நடுவே அவன் அழுதான். அழட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டாள்.

“நேத்துகூட சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாங்க அக்கா,” என்றான். “லீவுல இருக்கேன்டா, ஊசி இல்லாத சனிக்கிழமைன்னு…”

ரௌதா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“என்ன சொன்னே?”

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்பட்டது, தட்டுமுட்டுச் சத்தம் நின்றது.

“உனக்குத் தெரியுமா?”

“போன வாரம் சொன்னாங்க. ஒரு வாரம் ஊசியே வேணாம்டா, ரெண்டு நாள் மனுஷி மாதிரி இருந்துட்டு வர்றேன்னாங்க. அக்காகிட்ட சொல்லாதேன்னாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“சரின்னேன்.”

“சரின்னியா.”

“அக்கா, அவங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? எப்படி வேணாம்னு சொல்றது?”

“வாயால சொல்றது. நான் தினம் சொன்னேனே, அந்த மாதிரி. உனக்கு அவ சிரிப்பு போன்ல வரும். எனக்கு அவ கால் வீக்கம் வரும். நீ நல்ல பிள்ளை, நான் ஜெயிலர். அப்படித்தானே பேசிக்கிட்டீங்க ரெண்டு பேரும்?”

“உன்கிட்ட சொல்லியிருந்தா நீ விட்டிருக்க மாட்டே.”

“விட்டிருக்க மாட்டேன்! உயிரோட இருந்திருப்பா!”

வளாகத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைஸ் மூக்கை உறிஞ்சினான். பிறகு, திங்கள்கிழமை காலை விமானத்தில் வருகிறேன், உம்மாவைத் தூனிஸுக்குக் கொண்டு போ, வாப்பா பக்கத்தில் இடம் இருக்கிறது, நான் வந்து முகம் பார்க்கணும் என்றான்.

“இல்லை,” என்றாள் ரௌதா. “நாளைக்கு மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் இங்கயே அடக்கம். நீ சரின்னு சொன்ன ஊரு இது. அப்புறமா வந்து மண்ணைப் பார்த்துக்கோ.”

“அக்கா, அது பாவம் அக்கா. வாப்பா தனியா…”

“வாப்பாவுக்குப் பழகிப்போச்சு.”

“அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. தெரிஞ்சேதான் தின்னாங்களா?”

அவள் போனை அணைத்தாள். கோபத்தில் எடுத்த முடிவு என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் திருப்பிக் கூப்பிடவில்லை.

*

பிணவறையிலிருந்து நேராக மையவாடிக்குக் கொண்டு போக சலூஹா சம்மதிக்கவில்லை. “என் வீட்டுக்கு விருந்தா வந்தவங்க. என் வீட்டு வாசல்லேருந்துதான் போகணும்” என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் துணி கட்டி மறைத்து, பலகை போட்டார்கள். குளிப்பாட்டுவதற்கு ஒரு வயதான பெண் வந்திருந்தாள். ரௌதா சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

மறைப்புக்கு வெளியே அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுமியிருந்தார்கள். தெரியாத ஊரில் தெரியாத ஒருத்திக்காக அவர்கள் அழுதது உண்மையான அழுகை. ஆனால் அழுகைக்கு இடையில் பேச்சும் வந்தது.

“புண்ணியவதி. ஒரு நொடியில போயிட்டாங்க. வாயில பழத்தோட போறதுன்னா சும்மாவா?”

“பழம்தானே உயிரைக் குடிச்சுது. கூடவே இருந்த மக சொல்லி வைக்கலையாமே.”

“என்ன மகளோ. எங்க வீட்டுக் கழுதைக்குக்கூட எது ஆகும் எது ஆகாதுன்னு எனக்குத் தெரியும்.”

சலூஹா பதறிப்போய்த் துணியை விலக்கி அவர்களை அதட்டப் போனாள். ரௌதா அவள் கையைப் பிடித்தாள்.

“விடுங்க. பேசட்டும்.”

“தப்பாப் பேசறாங்கம்மா.”

“சரியாத்தான் பேசறாங்க. நான் சொல்லலை.”

தன் பல் கடிபடும் சத்தம் அவளுக்கே கேட்டது. வெளியே போய் ஒவ்வொருத்தியையும் உலுக்க வேண்டும் போலிருந்தது. உருளைக்கிழங்கை இரண்டு தடவை வேகவைத்திருக்கிறாயா நீ? ஐஸ்கட்டியை வாயில் போட்டுச் சப்பச் சொல்லி தாகத்தை ஏமாற்றியிருக்கிறாயா? ஆனால் வாய் திறந்தால் எல்லாம் வந்துவிடும். பலகையில் கிடக்கிறவள் மேல் பழி விழும். உம்மா அதையும் கணக்குப் போட்டுத்தான் செய்தாளோ என்று ஒரு கணம் தோன்றியபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வீக்கம் வடிந்து, டிக்கெட் கம்பிக்குப் பின்னால் இருந்த பழைய முகம் வந்திருந்தது. யாரையோ கேலி செய்துவிட்டு வாயை மூடிக்கொண்ட மாதிரி.

“தண்ணி ஊத்தும்மா,” என்றாள் குளிப்பாட்டுகிறவள்.

ரௌதா ஊற்றினாள். செம்பு செம்பாக, தலையிலிருந்து கால் வரை. நாளெல்லாம் ஒரே ஒரு சின்ன பாட்டிலை வைத்துக்கொண்டு, மீதி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்துக் குடித்தவளின் உதட்டில், கழுத்துக் குழியில், உள்ளங்கையில் தண்ணீர் தேங்கி வழிந்தது. செம்பை வைத்துவிட்டு வாளியைத் தூக்கினாள்.

“போதும்மா. முறைக்கு இவ்வளவு போதும்.”

“போதாது,” என்றாள் ரௌதா.

குளிப்பாட்டுகிறவள் சலூஹாவைப் பார்த்தாள். சலூஹா இன்னொரு வாளி கொண்டு வந்து வைத்தாள். அதையும் ஊற்றினாள். முற்றத்துச் செங்கல் தரையெல்லாம் நனைந்து, தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. வெளியே நின்ற பெண்கள் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள்.

*

ஜனாஸாவைத் தூக்கியபோது ரௌதாவும் பின்னால் நடந்தாள். முன்னால் போன பெரியவர் ஒருவர் நின்று திரும்பினார்.

“பொம்பளைங்க நாளைக்கு வந்து துஆ ஓதிக்கலாம் மகளே. இன்னைக்கு ஆம்பளைங்க மட்டும்தான். இங்கே அதுதான் வழக்கம்.”

“நாளைக்கு நான் இங்கே இருக்க மாட்டேன்.”

“அதுக்காக வழக்கத்தை…”

“அவளுக்கு மகன் வரலை. நான்தான் வந்தேன். நடங்க.”

பெரியவர் லஸ்ஹரைப் பார்த்தார். லஸ்ஹர் தோளில் ஜனாஸாவைத் தூக்கும் கட்டை இருந்தது. அவர் தலையைத் தூக்காமல், “வெயில் சுடுது ஹாஜியார், போலாம்” என்றார். ஊர்வலம் நகர்ந்தது. தோப்பில் மரமேறிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நேற்று அவள் கூச்சலைக் கேட்டவர்கள். ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஒருவர்கூட ஒன்றும் சொல்லவும் இல்லை.

மையவாடி ஊருக்கு வெளியே, தோப்புகள் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில். உம்மாவை இறக்கினார்கள், கல் பலகைகளை வைத்தார்கள், மண் தள்ளினார்கள். ரௌதா மூன்று பிடி மண் போட்டாள். அழுகை வரவில்லை. கைஸுக்காக ஒரு பிடி போடலாமா என்று குனிந்தவள், போடாமல் நிமிர்ந்தாள். பிறகு குனிந்து போட்டாள்.

எல்லோரும் துஆ முடித்துக் கலைய ஆரம்பித்தபோது கொத்தனார் தலைமாட்டில் சிமெண்ட் பூசி மட்டம் பிடித்தார். ஆணி ஒன்றை எடுத்துக்கொண்டு, “பேரு?” என்றார்.

“மனூபியா.”

அவர் ஈரச் சிமெண்ட்டில் எழுத்தெழுத்தாகக் கீறினார். கீறி முடிக்கும் நேரத்தில் தெற்கே உப்பு ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. மணல் புகை மாதிரி தரையோடு தவழ்ந்து வந்து, எழுத்துகளின் பள்ளத்தில் ஒட்டியது.

“மூடுங்க அதை,” என்றாள் ரௌதா.

“அது ஒண்ணும் ஆகாதும்மா. இங்கே மண்ணு விழாத சிமெண்ட்டே கிடையாது. காய்ஞ்சப்புறம் ஒட்டின மண்ணுல பாதி உதிர்ந்துடும்.”

“பாதியா? மூடுங்கன்னா மூடுங்களேன்.”

“எதை வச்சும்மா மூடறது? ஈரம். தொட்டா அழிஞ்சுடும்.”

ரௌதா தன் கோட்டைக் கழற்றினாள். தலைமாட்டுக்குத் தெற்கே மணலில் முட்டி போட்டு உட்கார்ந்து, கோட்டை இரண்டு கையாலும் விரித்து, எழுத்தின் மேல் படாமல், காற்று வரும் பக்கத்துக்கு மறைப்பாகப் பிடித்தாள். காற்று கோட்டை உப்பவைத்து இழுத்தது. அவள் முழங்கையை மடக்கி இறுக்கிக்கொண்டாள். வாசலில் வண்டிகள் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தன. சலூஹாவின் வீட்டில் எல்லோருக்கும் சோறு ஆகியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். லஸ்ஹர் வாசலுக்குப் போய் என்னவோ சொன்னார். வண்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

“எவ்வளவு நேரம் ஆகும் காய?” என்று திரும்பாமலே கேட்டாள்.

கொத்தனார் வானத்தைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார். “சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள ஆயிடும்.”

அஸருக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ரௌதா கோட்டின் ஓரத்தை மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள்.